கோதுமை ஃப்ளேக்ஸும் என் வயிறும்

காலைல கோதுமை ஃப்ளேக்ஸ்ல பால ஊத்தி மேல தேன் விட்டு தின்னா, மதுரை சிம்மக்கல் தாண்டுறதுக்குள்ள வயிறு கும்முன்னு ஊதி பெல்ட்ட தளர்த்தணும். எனக்கு ஒத்துக்காதது கோதுமையோட புரதமான குளூட்டன் இல்ல, அதே கோதுமைல இருக்குற ஃப்ரக்டான்ங்கிற கார்போஹைட்ரேட்டாம், டயட்டீஷியன் சொன்னாங்க, அது சிறுகுடல்ல செரிக்காம பெருங்குடலுக்குப் போயி பாக்டீரியா புளிக்க வச்சு கேஸ் ஆயிருது, போதாததுக்கு பால்ல லாக்டோஸ், தேன்ல ஃப்ரக்டோஸ் வேற. ஆஸ்திரேலியா மோனாஷ் யுனிவர்சிட்டிக்காரங்க கொண்டுவந்த லோ ஃபாட்மேப் டயட்டுக்கு, அதாவது இப்படி வயித்துல புளிச்சு கேஸ் ஆகுற சத்துங்கள கொறைக்கிற சாப்பாட்டு முறைக்கு, மாறுனேன். இட்லி ஒத்துக்குச்சு, சாம்பார்ல கெடக்குற சின்ன வெங்காயந்தான் வில்லன், அதுலயும் ஃப்ரக்டான் இருக்கு. பூண்டும் அப்படித்தான், ஆனா ஃப்ரக்டான் எண்ணெய்ல கரையாது, அதனால நல்லெண்ணெய்ல பூண்ட வதக்கி எடுத்துப்போட்டுட்டு அதுலயே தாளிக்கிறேன், வாசம் அப்படியே இருக்கு. கூட்டுப் பெருங்காயத்துலயும் பெரும்பாலும் கோதுமை மாவு இருக்கும், டப்பாவ திருப்பிப் பாருங்க. வயிறு அடங்குனதும் ஒவ்வொண்ணா திரும்பச் சேத்துப் பாக்கணும். எனக்கு ஒரு சப்பாத்தி தாங்குது, மூணு தாங்கல.