சைக்கிளில் 6 கிலோ குறைந்தால் என்ன கிடைக்கும்?

பெங்களூரில் வேலைக்குப் போய்வர சைக்கிள் பார்க்கப் போனால், கடைக்காரர் ஒன்றை ஒரே கையால் தூக்கிக் காட்டுவார். பக்கத்தில் நிற்பது 18 கிலோ, இது 12. விலையோ எக்கச்சக்கம். பணத்தை எடுக்கும் முன் ஒரு கணக்குப் போடுங்கள்.

நீங்கள் மிதித்து நகர்த்துவது சைக்கிளை மட்டுமல்ல, உங்களையும்தான். 70 கிலோ ஆள் ஏறினால் ஒன்று 88, மற்றது 82. நூற்றுக்கு ஏழுகூடக் குறையவில்லை. டொம்லூர் பக்கம் ஒரு மேம்பாலம் 8 மீட்டர் ஏறுகிறது என்று வையுங்கள். 120 வாட் சக்தியில் மிதிப்பவருக்கு மிச்சம் சுமார் 4 விநாடி. சமதரையில், 18 கி.மீ. வேகத்தில், 2 வாட். டயரில் காற்று இறங்கியிருந்தால் அதைப் போலப் பல மடங்கு வீணாகும்.

ஆகவே முதல் செலவு, அளவுமானி உள்ள தரை பம்ப். விரலால் அழுத்திப் பார்ப்பதை நம்பாதீர்கள். 30 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) மட்டுமே இருந்தாலும் கல்லாகத்தான் தெரியும். 35 மி.மீ. டயருக்கு முன்னால் 45, பின்னால் 55 அளவில் தொடங்கலாம். டயரின் பக்கவாட்டில் அச்சிட்ட வரம்பைத் தாண்ட வேண்டாம். டியூபில் காற்று தானாகவே கசியும், வாரம் ஒருமுறை பாருங்கள். காற்று குறைந்த டயர் பள்ளத்தில் விழுந்தால் டியூப் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே நசுங்கும். பஞ்சர் ஒட்டும்போது பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டை தெரிந்தால் காரணம் இதுதான், ஆணி அல்ல. முள்ளு முள்ளான டயர் இருந்தால் அதே அளவில் வழவழப்பானதாக மாற்றுங்கள்.

சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிடுங்கள். உரசல் கேட்டால் பிரேக்கைச் சரிசெய்யுங்கள். செயினைத் துடைத்து, ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு செயின் எண்ணெய் விட்டு, பெடலைப் பின்னோக்கிச் சுற்றி, வெளியே நிற்பதை முழுக்கத் துடைத்துவிடுங்கள். விட்டுவைத்தால் தூசி ஒட்டிச் செயினை அரைக்கும். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம், டிசம்பர் காலையில் உறைந்துவிடும். சீட் உயரம்: பெடல் கீழே இருக்கையில் குதிகாலை வைத்தால் கால் நேராக நீள வேண்டும்.

எடை உண்மையிலேயே முக்கியம் எப்போது? லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடிக்குத் தினமும் தூக்கும்போது. பெங்களூரின் மெட்ரோ ரயிலான ‘நம்ம மெட்ரோ’வில் மடக்கு சைக்கிள் கொண்டுபோகும்போதும்தான். அங்கே 15 கிலோ வரம்பு உண்டு. அப்படியானால் முதலில் முன் சஸ்பென்ஷன் (குலுக்கலைத் தாங்கும் ஸ்பிரிங்) இல்லாததாகத் தேடுங்கள்: ஒரு கிலோவுக்கு மேல் குறையும், விலையும் குறையும். மழைக்கு வேண்டிய மட்கார்டைக் கழற்றி எடை குறைக்காதீர்கள். கடையிலேயே பூட்டு, தண்ணீர் பாட்டில், பை எல்லாம் மாட்டி, தோளில் போட்டு ஒரு மாடி ஏறிப் பார்த்துவிட்டு முடிவுசெய்யுங்கள்.