சமுதாய வானொலி நடத்துவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2004 பிப்ரவரி 1 அன்று சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் அண்ணா எஃப்.எம். தொடங்கியது. இந்தியாவில் ஒரு கல்வி வளாகத்திலிருந்து ஒலித்த முதல் சமுதாய வானொலி, அதாவது ஒரு வட்டாரத்து மக்களுக்காக லாப நோக்கமின்றி நடத்தும் சிறு எஃப்.எம். நிலையம், அதுதான். அப்போது கல்வி நிறுவனங்களுக்கு மட்டுமே அனுமதி. 2006 நவம்பரில் தொண்டு நிறுவனங்களுக்கும் வழி திறந்தது. பாம்பன் மீனவர்களுக்கான கடல் ஓசை 2016-இல் வந்தது. இப்படித் தொடங்கிய நிலையங்களில் சில ஊரோடு ஒன்றிவிட்டன. பல, கல்லூரி மதில் சுவருக்குள்ளேயே ஒலித்து அடங்கிவிடுகின்றன. பணம் இல்லாததுதான் காரணம் என்பார்கள். அது பாதி உண்மை. யாருக்காகப் பேசுகிறோம் என்பதை நிலையம் மறந்துபோவதே பெரிய காரணம் என்பேன்.

தனியார் எஃப்.எம்.மைப் பார்த்து நடப்பது முதல் தவறு. மூச்சுவிடாமல் பேசும் தொகுப்பாளர், நடுவில் சினிமாப் பாட்டு, அப்புறம் மறுபடியும் பேச்சு. இதை நம்மைவிட நன்றாகச் செய்யப் பெரிய நிறுவனங்கள் இருக்கின்றன. நம் பக்கத்து ஊர்க்காரர் அவருடைய பேச்சுவழக்கிலேயே பேசுவதை மட்டும் அவர்களால் தர முடியாது. நிகழ்ச்சிகளில் குறைந்தது பாதியாவது உள்ளூர் மக்களின் பங்கேற்போடு உருவாக வேண்டும் என்று அரசின் விதியே சொல்கிறது.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு: அரை மணி நேர நிபுணர் உரை. டெங்கு பற்றி நிகழ்ச்சி என்றால் உடனே ஒரு மருத்துவரை ஸ்டுடியோவுக்கு அழைத்து உட்கார வைத்துவிடுகிறோம். முதலில் தெருவுக்குப் போங்கள். டிரம்மில் தண்ணீர் பிடித்து வைத்திருக்கும் ஒருவரிடம், "அக்கா, தண்ணி எத்தனை நாளைக்கு ஒருக்கா வருது? டிரம்மைக் கழுவ நேரம் கிடைக்குதா?" என்று கேளுங்கள். "கழுவுறீங்களா?" என்று கேட்டால் "ம்" என்ற ஒற்றைச் சொல்தான் வரும். "எப்படிக் கழுவுவீங்க?" என்றால் கதையே வரும். வெறும் தண்ணீரை ஊற்றி அலசுவதாக அவர் சொல்லக்கூடும். அந்தப் பதிவை மருத்துவரிடம் போட்டுக் காட்டுங்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டை டிரம்மின் உட்சுவரில் ஒட்டியிருக்கும், காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது, அதனால் நாரால் தேய்த்துக் கழுவ வேண்டும் என்று அவர் விளக்குவார். இப்போது அது ஒரு கேள்விக்கான பதில். கேட்பவர் காதிலும் தங்கும்.

பதிவு செய்யும்போது மைக்கை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, சற்றே பக்கவாட்டில் பிடியுங்கள். மின்விசிறியை நிறுத்தச் சொல்லத் தயங்க வேண்டாம். பேச்சு முடிந்ததும் ரெக்கார்டரை அணைத்துவிடாமல் அரை நிமிடம் அந்த இடத்தின் ஓசையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். எடிட்டிங்கில் வெட்டு தெரியாமல் ஒட்ட அது உதவும். ஒலிபரப்பாகும் நாளையும் நேரத்தையும் பேசியவரிடம் சொல்லிவிட்டு வாருங்கள். அவர் மட்டுமா, தெருவே கேட்கும்.

நேரம் இன்னொரு சிக்கல். கல்லூரி காலை பத்துக்குத் திறந்து நாலுக்கு மூடுகிறது என்பதற்காகப் புது நிகழ்ச்சிகளை எல்லாம் அந்த நேரத்தில் போட்டால், வயலிலும் கம்பெனியிலும் இருப்பவர்கள் எப்படிக் கேட்பார்கள்? விடியற்காலையும் வேலை முடிந்து திரும்பும் மாலையும்தான் அவர்களுடையவை. தேர்வு மாதத்திலும் விடுமுறையிலும் பழைய நிகழ்ச்சிகளையே சுற்றவிடுவது கேட்பவர்களை விரட்டுவதற்குச் சமம். மாணவர்களை மட்டும் நம்பாமல் ஊர்க்காரர்கள் சிலருக்கும் கருவிகளைக் கையாளப் பழக்கிவிட்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீரும்.

அப்புறம், ஸ்டுடியோ சுவருக்கு மெத்தை ஒட்டச் செலவழிப்பவர்கள் ஆன்டெனா பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை. நமக்குப் பொதுவாகக் கிடைப்பது 50 வாட் டிரான்ஸ்மிட்டரும் அதிகபட்சம் 30 மீட்டர் உயரக் கோபுரமும்தான். கேபிள் இணைப்பில் மழைநீர் புகுந்தால் அந்தச் சிறு சக்தியும் வீணாகும். மாதம் ஒருமுறை சின்ன ரேடியோவோடு ஊர் ஊராகப் போய், எங்கே தெளிவாகக் கேட்கிறது, எங்கே இரைகிறது என்று குறித்து வாருங்கள். எஃப்.எம். வசதி உள்ள கைபேசியில் பெரும்பாலும் இயர்போன் கம்பிதான் ஆன்டெனா. அதைச் செருகாமல் "உங்க ஸ்டேஷன் வரவே இல்லை" என்பவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுங்கள்.

செய்தி ஒலிபரப்பக் கூடாது என்ற விதிக்குப் பயந்து வாயே திறக்காத நிலையங்களைப் பார்க்க வருத்தமாக இருக்கிறது. சொந்தமாகச் செய்தி அறிக்கை தயாரிக்கத்தான் தடை. அகில இந்திய வானொலியின் செய்தியை மாற்றாமல் அப்படியே தரலாம். வானிலை, தேர்வு, வேலைவாய்ப்பு, உள்ளூர் நிர்வாகம் தரும் மின்தடை, குடிநீர், பேரிடர் அறிவிப்புகள் எதுவும் செய்திக் கணக்கில் வராது. கட்சி அரசியல் பக்கம் மட்டும் போகவே வேண்டாம். ஒலிபரப்பியதை மூன்று மாதம் பாதுகாத்து வைக்க வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது.

பணத்துக்கு ஒரே நன்கொடையாளரையோ ஒரே திட்டத்தையோ நம்பியிருந்தால், அது முடியும் நாளில் நிலையமும் தள்ளாடும். சமுதாய வானொலிக்கான மத்திய அரசின் 2024 வழிகாட்டு நெறிமுறைகள் விளம்பர நேரத்தை மணிக்கு 12 நிமிடமாக உயர்த்தியிருக்கின்றன. உள்ளூர் உரக்கடை, துணிக்கடை, தையல் வகுப்பு நடத்துபவர் என்று கேட்டுப் பாருங்கள். சிறு தொகைதான். ஆனால் பத்து இடத்திலிருந்து வரும்போது, ஒருவர் விலகினாலும் மின்கட்டணம் கட்டிவிடலாம்.