பிளாக் மெட்டல் கேட்கப் பழகுவது எப்படி: கடைசியிலிருந்து முதலுக்கு

பிளாக் மெட்டல் என்பது வேகமும் கீச்சுக் குரலும் கலங்கிய ஒலியும் கொண்ட மெட்டல் இசை வகை. அதை எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். 1982-ல் வந்த, வெனம் என்ற குழுவின் ஆல்பம், அடுத்து பாதோரி, அடுத்து மேஹெம், டார்க்த்ரோன் ஆகிய குழுக்கள். வரலாறு எழுதுபவருக்கு இது சரியான வரிசை. புதுக் காதுக்கு இதைவிட மோசமான வரிசை கிடையாது. எந்த இரைச்சல் வேண்டுமென்றே வைத்தது, எது காசில்லாமல் வந்தது என்று பிரித்தறியும் பழக்கம் வருவதற்குள் பாதிப் பேர் ஓடிவிடுவார்கள்.

அதனால் இங்கே தெளிவாக ஒலிக்கும் பதிவில் தொடங்கி, படிப்படியாகக் கலங்கிய ஒலிக்குப் போய், வரலாற்றைக் கடைசியில் வைத்திருக்கிறோம். மொத்தம் ஏழு ஆல்பம். வாரத்துக்கு ஒன்று போதும்.

படி 1: கேட்கும் கருவியைச் சரிசெய்யுங்கள்

விலை உயர்ந்த ஹெட்ஃபோன் தேவையில்லை. ஆனால் போனின் சொந்த ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். இந்த இசையின் கிட்டார் ஏற்கெனவே மேல் ஸ்தாயியில் கூராக இருக்கும்; சின்ன ஸ்பீக்கர் அந்தக் கூர்மையை மட்டும்தான் வெளியே விடும்.

தாழ்ந்த ஒலியைக் கூட்டும் பேஸ் பூஸ்ட் இருந்தால் அணைத்துவிடுங்கள். பேஸ் கேட்கவில்லையே என்று அதைப் போடுவதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு. இங்கே பேஸ் கிட்டார் பெரும்பாலும் கிட்டாரின் அடிச்சுரத்தையே தொடர்ந்துகொண்டு தாழ்வாக இருக்கும். பூஸ்ட் போட்டால் பேஸ் எழும்பாது. காலால் அடிக்கும் கிக் டிரம் வீங்கி மற்ற எல்லாவற்றையும் மூடிவிடும். ஈக்வலைசர் எல்லாம் பூஜ்யத்தில் இருக்கட்டும்.

செயலியில் டேட்டா சேவர் ஓடுகிறதா என்றும் பாருங்கள். குறைந்த பிட்ரேட்டில் சிம்பல்களும் வேகமாக மீட்டும் கிட்டாரும் ஒன்றாகக் கரைந்து தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் சலசலக்கும். அதைக் கேட்டுவிட்டு இசைக்குழுவைத் திட்டிப் பயனில்லை. ஷஃபிள், பாடல்களை ஒன்றோடொன்று இழைக்கும் கிராஸ்ஃபேட் இரண்டும் வேண்டாம்.

ஒலியளவு நடுத்தரத்துக்குக் கீழே. 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம் என்பது பெரியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு. ஒலியைக் கூட்டக் கூட்ட அனுமதிக்கும் நேரம் வேகமாகக் குறையும்.

படி 2: காதை எங்கே வைப்பது

மொத்த விளக்கத்திலும் முக்கியமான பகுதி இதுதான்.

பிளாக் மெட்டலில் மூன்று விஷயங்கள் ஒரே நேரத்தில் நடக்கின்றன. டிரம்ஸ் பிளாஸ்ட் பீட்டில், அதாவது ஸ்னேர் என்ற சிறு டிரம்மும் கிக்கும் இடைவெளியே இல்லாமல் ஓடும். கிட்டார் டிரெமோலோ பிக்கிங்கில், ஒரே சுரத்தைத் திரும்பத் திரும்ப மிக வேகமாக மீட்டும். குரல் கீச்சிடும். புதியவரின் காது உடனே வேகத்தைப் பிடித்துக்கொண்டு டிரம்ஸைத் துரத்தும். இரண்டு நிமிடத்தில் களைத்துவிடும்.

டிரம்ஸை விடுங்கள். கிட்டாரின் சுரம் எப்போது மாறுகிறது என்பதை மட்டும் கவனியுங்கள். நிமிடத்துக்கு 180 அடி வேகத்தில் போகும் பாட்டில் நான்கு நான்கு அடியாக நாலு சுற்றுக்கு ஒருமுறை சுரம் மாறினால், அது சுமார் 5 விநாடிக்கு ஒருமுறை. அதாவது பாட்டு உண்மையில் மெதுவாகத்தான் நகர்கிறது. தவில் மேற்காலத்தில் பறக்கும்போது நாதஸ்வரம் ஒரு கார்வையில் நின்று இழைவதைக் கேட்டவர்களுக்கு இந்த அமைப்பு புதிதல்ல.

பயிற்சி எளிது. சுரம் மாறும்போது மட்டும் விரலால் மேசையில் ஒரு தட்டு. வேறு எப்போதும் தட்டக்கூடாது. மூன்று பாட்டுக்குள் கை தானாக நிதானமாகிவிடும். மெலடி அதற்குப் பிறகுதான் கேட்கத் தொடங்கும்.

இன்னொன்றும் காதில் படும். மற்ற மெட்டலில் அதிகம் வரும், இரண்டே சுரம் கொண்ட பவர் கார்டுக்குப் பதிலாக இங்கே மூன்று சுரம் சேர்ந்த மைனர் கார்டுகளை முழுதாக, எல்லாத் தந்திகளும் ஒலிக்கும்படி மீட்டுவார்கள். கிட்டார் ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷனோடு சேரும்போது சுரங்கள் ஒன்றோடொன்று உரசும். அந்த உரசலைச் சுருதி பிசகு என்று நினைத்துவிட வேண்டாம்.

படி 3: இம்மார்டல், 'அட் தி ஹார்ட் ஆஃப் விண்டர்', 1999

நார்வேயின் பெர்கன் நகரக் குழு. ஸ்வீடனில் பீட்டர் டெக்ட்கிரனின் அபிஸ் ஸ்டூடியோவில் பதிவானது, ஆறே பாடல்கள். எல்லாக் கருவியும் தனித்தனியாகக் கேட்கும். குழுவின் கிட்டாரிஸ்ட் டெமோனாஸுக்குக் கையில் தசைநாண் பாதிப்பு வந்ததால் பாடகர் அப்பாத்தே கிட்டாரையும் எடுத்துக்கொண்டார். வேகம் குறைந்து ரிஃப்கள், அதாவது திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்குகள், அகலமானதற்கு அதுவும் ஒரு காரணம். அப்பாத்தின் குரல் கீச்சல் அல்ல, கரகரப்பு. அதனால் பழகுவது எளிது.

ஆல்பத்தின் பெயரையே கொண்ட ஐந்தாவது பாடலை முதலில் போடுங்கள். டிஸ்டார்ஷன் இல்லாத அமைதியான கிட்டாரில் தொடங்கும். அது பிடித்தபிறகு முதலிலிருந்து முழு ஆல்பம்.

இந்தக் குழுக்களின் முகப்பூச்சையும் முட்கள் வைத்த கைக்கச்சையையும் பார்த்துச் சிரிப்பு வந்தால் சிரியுங்கள். டார்க்த்ரோனின் ஃபென்ரிஸ், தன் பூனையோடு எடுத்த படத்தை வைத்து 'எனக்கு ஓட்டுப் போடாதீர்கள்' என்று சொல்லியும் உள்ளாட்சி மன்றத்துக்கு மாற்று உறுப்பினராகத் தேர்வானவர். இந்த ஆட்கள் வெளியே தெரிவதுபோல் எப்போதும் உர்ரென்று இருப்பவர்கள் இல்லை.

படி 4: உல்வர், 'பெர்க்டாட்', 1995

ஐந்து அத்தியாயங்களாக ஒரே கதை: மலைக்குள் இழுத்துச் செல்லப்படும் ஒரு பெண்ணைப் பற்றிய நாட்டார் கதை. முதல் பாடலில் கீச்சலே இல்லை, அடுக்கடுக்கான மென்குரல். பின்னால் ஓடும் கிட்டார் மட்டும் சுத்தமான பிளாக் மெட்டல். குரல்தான் தடை என்பவர்கள் இதையே முதல் ஆல்பமாக வைத்துக்கொள்ளலாம்.

படி 5: எம்பரர், 'இன் தி நைட்சைட் எக்லிப்ஸ்'

இங்கே ஒலி ஒரு படி கலங்கும். 1993-ல் பெர்கனின் கிரீக்ஹாலென் இசையரங்கில் ஒலிப்பொறியாளர் பிட்டன் பதிவு செய்தது. பாடகர் இசான் அப்போது 17 வயதுப் பையன். கீபோர்டு ஒரு பாடகர் குழுபோல எல்லாவற்றுக்கும் மேலே விரிந்திருக்கும். முதல் முறை கீபோர்டை மட்டும் பின்தொடருங்கள், இரண்டாம் முறை கிட்டாரை. இரண்டையும் ஒரே நேரத்தில் பிடிக்கப் பார்த்தால் வெறும் மூட்டம்தான் கிடைக்கும்.

படி 6: டார்க்த்ரோன், 'டிரான்சில்வேனியன் ஹங்கர்', 1994

இதுவரை வந்தவர்கள் பின்வாங்குவது இங்கேதான். நான்கு தடங்களை மட்டும் பதியும் ஃபோர்-டிராக் கருவியில் ஃபென்ரிஸ் ஒருவரே கிட்டார், பேஸ், டிரம்ஸ் மூன்றையும் வாசித்துப் பதிவு செய்தார். குரல் மட்டும் நாக்டர்னோ குல்டோ. முதல் பாடல் ஆறு நிமிடத்துக்குச் சற்று மேல். டிரம்ஸ் கிட்டத்தட்ட மாறவே மாறாது.

நல்ல ஸ்டூடியோ கிடைக்காததால் இப்படி ஒலிக்கிறது என்று நினைக்காதீர்கள். இதே குழு தன் முதல் ஆல்பத்தை இன்னொரு மெட்டல் வகையான டெத் மெட்டலாக, ஸ்டாக்ஹோமின் பேர்பெற்ற சன்லைட் ஸ்டூடியோவில் பதிவு செய்து 1991-ல் வெளியிட்டது. தடித்த, மெருகேறிய அந்த ஒலியை வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டுத்தான் இங்கே வந்தார்கள். டிரம்ஸ் மாறாமல் ஓடினால் கொஞ்ச நேரத்தில் காது அதைக் கணக்கிலிருந்து எடுத்துவிடும். கிட்டாரில் ஒரு சுரம் மாறினாலே பெரிய நிகழ்ச்சியாகப் படும். படி 2-ன் பயிற்சி இங்கேதான் கைகொடுக்கும். இரவில், விளக்கு குறைத்து, ஒலியளவை இரண்டு புள்ளி இறக்கிக் கேளுங்கள். ஒலியைக் கூட்டினால் இந்த ஆல்பம் சிறுத்துவிடும்.

இடையில் ஒரு எச்சரிக்கை

மேலே சொன்ன டார்க்த்ரோன் ஆல்பத்தின் முதல் பதிப்பில் பின்னட்டையில் 'ஆரிய' என்ற சொல் இருந்தது, பின்னர் நீக்கப்பட்டது. அடுத்த படியில் வரும் மேஹெம் ஆல்பத்தில் கிட்டார் வாசிப்பவர் யூரோனிமஸ், பேஸ் வாசிப்பவர் வர்க் விக்கர்நெஸ். 1993 ஆகஸ்டில் முன்னவரைக் கொன்றது பின்னவர். எம்பரர் ஆல்பத்தின் டிரம்ஸ் கலைஞர் ஃபாஸ்ட்டும் கொலைக் குற்றத்தில் சிறை சென்றவர். 1992 முதல் நார்வேயில் தேவாலயங்கள் எரிக்கப்பட்டன. ஃபான்டாஃப்ட் மரத் தேவாலயம் அவற்றில் ஒன்று. இதையெல்லாம் வீரக்கதையாகச் சொல்பவர்களிடமிருந்து தள்ளியே இருங்கள்.

நாஜிக் கருத்தைப் பரப்பும் குழுக்களும் இந்த வகையில் உண்டு. பரிந்துரைப் பட்டியல்கள் அவர்களைச் சத்தமில்லாமல் உள்ளே நுழைத்துவிடும். புதிய பெயர் எதிர்ப்பட்டால் 'என்சைக்ளோபீடியா மெட்டாலம்' தளத்தில் அந்தக் குழுவின் பக்கத்தைத் திறந்து, பாடல் கருப்பொருள் என்ற வரியைப் படியுங்கள். அரை நிமிட வேலை. யாருக்குக் காசு போகிறது என்று தெரிந்துகொண்டு வாங்குவது கேட்பவர் பொறுப்பு.

கேட்கும்போது வரும் சிக்கல்கள்

எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது என்றால் கலவைப் பட்டியலில் கேட்கிறீர்கள். ஒரு ஆல்பத்தை நான்கு முறை கேட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

தலைவலி வந்தால் அது மேல் ஸ்தாயியின் வேலை. ஒலியைக் குறைத்து, 40 நிமிடத்துக்கு மேல் ஒரே அமர்வில் கேட்காதீர்கள்.

வரிகள் புரியவில்லை என்பது சிக்கலே இல்லை. பல பாடல்கள் நார்வே மொழியில் இருக்கின்றன. அந்த மொழிக்காரர்களே தாளைப் பார்த்துத்தான் படிக்கிறார்கள்.

வேகம் ஒத்துவரவே இல்லையா? ஏதென்ஸ் நகரின் ராட்டிங் கிறைஸ்ட் குழுவுக்குப் போங்கள். 'நான் சேர்வியம்', 1994. நடுத்தர வேகம், தெளிவான மெலடி, கைகளுக்கும் காதுக்கும் ஓய்வு.

சமஸ்கிருத மந்திரங்களோடு கேட்க ஆசைப்பட்டால் சிங்கப்பூரின் ருத்ரா இருக்கிறது. 1992-ல் தொடங்கிய குழு. பேஸும் குரலும் கதிர். தங்கள் இசையை வேத மெட்டல் என்கிறார்கள். டெத் மெட்டலின் கனம் அதிகம், ஆகவே இதை வைத்துப் பிளாக் மெட்டலை அளக்க வேண்டாம்.

படி 7: வரலாறு, தலைகீழாக

மேஹெமின் 'டி மிஸ்டீரிஸ் டோம் சாத்தானஸ்', 1994. அதே கிரீக்ஹாலென், அதே பிட்டன். ஹங்கேரியின் அட்டிலா சிஹார் கீச்சிடாமல் சடங்கில் ஓதுவதுபோல் பாடுவார். முதலில் விசித்திரமாகத்தான் இருக்கும்.

அடுத்து பாதோரியின் 'அண்டர் தி சைன் ஆஃப் தி பிளாக் மார்க்', 1987. ஸ்டாக்ஹோமில் குவார்தான் என்ற இளைஞர் செய்தது. நார்வேக்காரர்கள் எங்கிருந்து எடுத்தார்கள் என்பது சில நிமிடங்களில் தெரிந்துவிடும்.

கடைசியாக வெனமின் 'பிளாக் மெட்டல்', நியூகாசில், 1982. இந்த வகைக்குப் பெயர் கொடுத்த ஆல்பம். பிளாஸ்ட் பீட் இல்லை, நார்வேப் பனியின் சாயலும் இல்லை. பியர் வாசனை அடிக்கும் ராக் அண்ட் ரோல். ஆறு படிகளைத் தாண்டி வந்த காதுக்கு இது கொஞ்சம் குதூகலமாகவே கேட்கும்.