கேலிக் ஊர்ப்பெயர்கள்: வரைபடக்காரர்கள் சறுக்கும் இடங்கள்

அயர்லாந்து வரைபடத்தில் 'பாலி' என்று தொடங்கும் பெயரைப் பார்த்ததும் 'ஊர்' என்று பொருள் எழுதிவிடுவார்கள். பல இடங்களில் அது சரியாகவே அமைந்துவிடும். அதனாலேயே தவறும் இடங்கள் கண்ணில் படுவதில்லை. அயர்லாந்தின் கேலிக் மொழியான ஐரிஷில் ஊரைக் குறிக்கும் சொல் 'பால்யெ'. ஆனால் மேயோ மாவட்டத்துப் பாலினாவின் மூலப்பெயர் 'பேல் அன் ஆஹா'. ஆற்றைக் கடக்கும் துறையின் வாய் என்று பொருள். டோனிகால் மாவட்டத்துப் பாலிஷானனும் துறையால் பெயர் பெற்றதே. இரண்டு வேறு சொற்களை ஆங்கில எழுத்து ஒன்றாக்கிவிட்டது.

'கில்' இன்னும் மோசம். கில்கென்னியில் அது தேவாலயம். லீட்ரிம் மாவட்டத்துக் கில்ட்டிக்ளோஹரில் காடு. அச்சான பெயரை மட்டும் வைத்துக்கொண்டு எது எதுவென்று யாராலும் சொல்ல முடியாது.

இந்த எழுத்துகள் வந்த வழி தெரிந்தால் அவற்றை அப்படியே நம்பத் தோன்றாது. அயர்லாந்தில் அரசு நில அளவை 1824-ல் தொடங்கியது. மைலுக்கு ஆறு அங்குலம் என்ற அளவில் நாடு முழுவதையும் வரைந்தார்கள். அதில் 1830-ல் வேலைக்குச் சேர்ந்த ஜான் ஓ'டோனவன் மாவட்டம் மாவட்டமாகச் சுற்றி, ஐரிஷ் பேசும் மக்கள் வாயால் பெயரைக் கேட்டு, பழைய ஆவணங்களோடு ஒத்துப் பார்த்தார். அந்த அளவையின் பெயர்ப் பதிவேடுகளில் ஒரே ஊரின் பல எழுத்து வடிவங்கள், எது எந்த ஆவணத்தில் கிடைத்தது என்ற குறிப்போடு இருக்கின்றன. வரைபடத்தில் ஏறியதோ ஆங்கிலமாக்கப்பட்ட ஒரே வடிவம். பதிவேட்டைப் புரட்டாமல் வரைபடத்திலிருந்து பெயரை எடுப்பது, என் பார்வையில், பாதி வேலையைக் கைவிடுவதுதான்.

உள்ளூர் உச்சரிப்பைக் கேட்காமல் விடுவது அடுத்த தவறு. ஐரிஷ், ஸ்காட்லாந்துக் கேலிக் போன்ற கேலிக் மொழிகளில் சொல்லின் முதல் ஒலியே இலக்கணத்துக்கு ஏற்ப மாறும். டிப்பரேரியின் ஸ்லீவ்னமான் மலையை எடுத்துக்கொள்ளுங்கள். கடைசியில் உள்ள 'மான்' அகராதியில் 'ம' வரிசையில் கிடைக்காது. பெண்கள் என்ற சொல்லின் 'ப' அங்கே 'ம' ஆகிவிட்டது; பெயரின் பொருள் பெண்களின் மலை.

ஸ்காட்லாந்துப் பக்கம் போனால் வேறொரு பொறி. லூயிஸ் தீவில் இன்றும் கேலிக் பேசுகிறார்கள் என்பதற்காக எல்லாப் பெயருக்கும் கேலிக் பொருள் தேடக் கூடாது. 'போஸ்ட்' என்று முடியும் ஷாபோஸ்ட், லூர்போஸ்ட் போன்றவை ஸ்காண்டிநேவியாவிலிருந்து வந்த வைக்கிங்குகளின் காலத்து நார்ஸ் மொழிப் பெயர்கள். அந்த ஈறு பண்ணையைக் குறிக்கும்.

வரலாற்று வரைபடம் என்றால் ஆண்டும் முக்கியம். டப்ளினுக்குத் தெற்கே உள்ள டன் லீரி துறைமுகம் 1821 முதல் 1920 வரை கிங்ஸ்டவுன். 1850-ஐக் காட்டும் படத்தில் இன்றைய பெயரை மட்டும் போட்டால், அந்தக் காலத்துக் கடிதத்தையோ ரயில் அட்டவணையையோ கையில் வைத்திருப்பவர் ஊரைத் தேடி அலைவார்.

ஊர்க்காரர்கள் சொல்லும் பெயர்க்கதைகளை ஒதுக்க வேண்டாம். நல்ல கதைகள் நிறைய உண்டு. ஆனால் பெயர்ப் பட்டியலில் அவற்றைப் 'பொருள்' என்ற தலைப்பின் கீழ் சேர்க்காதீர்கள். தனிப் பத்தியில் 'உள்ளூர் வழக்கு' என்று குறித்து, எந்த ஊரில், எந்த ஆண்டில் கேட்டது என்பதையும் எழுதுங்கள். பொருள் துலங்காத பெயருக்குப் 'பொருள்' கட்டத்தைக் காலியாகவே விடலாம்.