பொம்மைதானே என்று விடாதீர்கள்: தியேட்டர் பயிற்சியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருகோணமலையில் சத்திரசிகிச்சைக் கூட (தியேட்டர்) வேலை பழகும் பிள்ளைகளுக்கும் அவர்களைப் பழக்குபவர்களுக்கும் இதை எழுதுகிறேன். பயிற்சி மேசையில் கிடப்பது பொம்மை. அதற்கு வலிக்காது, கிருமித் தொற்று வராது. அந்தத் துணிவில் கை எப்படிப் பழகுகிறதோ, நாளைக்கு நோயாளியிடமும் அப்படித்தான் போகும்.

முதலாவதும் மோசமானதும், கிருமியற்ற கையோ உடுப்போ படக்கூடாத இடத்தில் பட்டதை மறைப்பது. கையுறை போட்ட கை இடுப்புக்குக் கீழே இறங்கிவிடும், முழங்கை யாரோ ஒருவரின் முதுகில் உரசிவிடும். யாரும் பார்க்கவில்லை என்றால் அப்படியே தொடர்வார்கள். கவுனில் (சத்திரசிகிச்சைக்குப் போடும் மேலங்கி) கிருமியற்றதாகக் கொள்ளக்கூடியது முன்பக்கம் மட்டும்தான்: நெஞ்சிலிருந்து மேசை மட்டம் வரை, கைகளில் முழங்கைக்கு 5 செ.மீ. மேலிருந்து கீழே. முதுகு கணக்கில் இல்லை. பட்டுவிட்டதா? "பட்டிட்டுது" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள், மாற்றிவிட்டுத் தொடருங்கள். சொன்ன பிள்ளையை ஏசும் ஆசிரியர் அடுத்த முறை மறைக்கத்தான் கற்றுக்கொடுக்கிறார். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை.

எண்ணிக்கையும் இதே மாதிரித்தான். சுவாப் (இரத்தத்தை ஒற்றியெடுக்கும் துணி) கட்டில் எத்தனை என்று எழுதியிருந்தாலும் ஒவ்வொன்றாகப் பிரித்து, இரண்டு பேர் பார்த்து, சத்தமாக எண்ண வேண்டும். தொடங்குமுன், உடலின் உட்குழியை மூடுமுன், தோலைத் தைக்கும்போது. பயிற்சியில் கடைசி எண்ணிக்கையை விட்டுவிட்டு மேசையை ஒதுக்கிவிடுவார்கள். ஆசிரியர் இடையில் ஒரு சுவாப்பை ஒளித்துவைத்துப் பார்க்கட்டும், கண்டுபிடிக்கிறார்களா என்று.

நம்மூர்த் தியேட்டரில் மூன்று மொழியும் ஓடும். சர்ஜன் ஆங்கிலத்தில் கேட்பார், பக்கத்தில் நிற்பவர் சிங்களத்தில் சொல்வார், நீங்கள் தமிழில் யோசிப்பீர்கள். ஆனால் பயிற்சியில் கூட்டாளிகளோடு தமிழிலேயே முடித்துவிடுகிறோம், சில பேர் பேசுவதே இல்லை. கேட்ட கருவியின் பெயரைத் திருப்பிச் சொல்லிக் கொடுத்துப் பழகுங்கள். எண்ணும்போது மட்டும் இருவருக்கும் ஒரே மொழி.

உலக சுகாதார நிறுவனம் 2008இல் வெளியிட்ட சத்திரசிகிச்சைப் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியலில் 19 விடயங்கள் உண்டு. மயக்கமருந்துக்கு முன், தோலை வெட்டுமுன், நோயாளி வெளியே போகுமுன் என்று மூன்று தடவை எல்லோரும் நின்று கேட்க வேண்டியது. ஒருவர் மூலையில் இருந்து சரி அடையாளம் போடுவது அந்தப் பட்டியல் இல்லை.

கூரானவற்றில் கவனம். கத்திக் கைபிடியில் பிளேட்டை விரலால் மாட்டாதீர்கள், நீடில் ஹோல்டரால் (தையல் ஊசி பிடிக்கும் கருவி) பிடித்து மாட்டுங்கள். 15ஆம் இலக்க பிளேட் 3ஆம் இலக்கக் கைபிடிக்கு, 22 என்றால் 4க்கு. கத்தியைக் கைக்குக் கை தராமல் கிட்னி டிஷ்ஷில் (சிறுநீரக வடிவத் தட்டு) வைத்துத் தரலாம்.

பயிற்சி முடிந்ததும் கிண்ணியா, மூதூர் பஸ்ஸுக்கு ஓட்டம் தொடங்கிவிடும். நடந்ததை உட்கார்ந்து பேசும் நேரம் அதில் போய்விடுகிறது. கற்றுக்கொள்வதில் பெரும்பகுதி அந்தப் பேச்சில்தான் இருக்கிறது. நேரம் குறைவென்றால் செய்முறையில் ஒன்றைக் குறையுங்கள், பேச்சைக் குறைக்காதீர்கள். "ஏன் அப்படிச் செய்தாய்" என்று குற்றம் சாட்டாமல், "அந்த நேரம் என்ன நினைத்தாய்" என்று கேட்டால் பிள்ளை வாய் திறக்கும்.

அப்புறம் பொருட்கள். காலாவதியான தையல் நூல், எக்ஸ்ரேயில் தெரியும் இழை இல்லாத சாதாரண கோஸ் துணி எல்லாம் பழகுவதற்குப் போதும். ஆனால் அவை வார்டுக்கோ தியேட்டருக்கோ தவறிப் போகக் கூடாது. "பயிற்சிக்கு மட்டும்" என்று மூன்று மொழியிலும் எழுதி, தனி அலுமாரியில் பூட்டி வையுங்கள்.