ஃபைபர் படகில் எக்கோ சவுண்டர்: ட்ரான்ஸ்டியூசரைப் பொருத்துவதும் சரிசெய்வதும்

நிற்கும்போது ஆழம் சரியாகக் காட்டும். வேகம் எடுத்ததும் எண் மறைந்து, திரையில் வெறும் கோடுகள் ஓடும். ஒலியை அனுப்பி ஆழம் காட்டும் எக்கோ சவுண்டரை வாங்கிய பலர் இந்த நிலையில்தான் கருவி சரியில்லை என்று கடைக்குத் தூக்கிப் போகிறார்கள். பெரும்பாலும் கருவியில் கோளாறே இருக்காது. நீருக்குள் இருந்து ஒலியை அனுப்பி வாங்கும் பகுதியான ட்ரான்ஸ்டியூசரின் முகத்துக்கு அடியில் காற்றுக்குமிழி ஓடுகிறது, அவ்வளவுதான். அது அனுப்பும் ஒலி கடல்நீரில் நொடிக்கு ஏறத்தாழ 1500 மீட்டர் போய், தரையில் பட்டுத் திரும்புகிறது. போய்வந்த நேரத்தில் பாதியை வைத்துத்தான் ஆழம் கணக்காகிறது. நடுவில் காற்று வந்தால் ஒலி கீழே போகாமல் அங்கேயே தெறித்துவிடும். அதனால் குமிழி இல்லாத நீரில் முகத்தை வைப்பதுதான் இந்த வேலை முழுவதும்.

இங்கே சொல்வது தூத்துக்குடி, ராமேஸ்வரம் பக்கம் துறைமுகத்திலோ கரையோர நீரிலோ கட்டிப் போடும், அவுட்போர்டு என்ஜின் வைத்த ஃபைபர் படகுக்கு. மணலில் இழுத்து ஏற்றும் படகுக்கு வேறு வழி, கடைசியில் சொல்கிறேன். திரையைப் பொருத்துவது, பேட்டரி இணைப்பு, ஃபியூஸ் எல்லாம் கையேட்டிலேயே தெளிவாக இருப்பதால் விட்டுவிடுகிறேன்.

இடம்

படகின் பின்னால் நின்று முன்னோக்கிப் பாருங்கள். ஒற்றை என்ஜின் படகுகளில் காற்றாடி (ப்ரொப்பல்லர்) பெரும்பாலும் வலஞ்சுழியாகச் சுற்றும். அப்படியானால் வலது பக்கத்தில் இதழ்கள் கீழ்நோக்கி இறங்கும். அந்தப் பக்கம் குமிழி குறைவு. எனவே பின்பலகையில் வலது பக்கம், காற்றாடியிலிருந்து குறைந்தது 38 செ.மீ. தள்ளி வையுங்கள்.

அதே நேர்கோட்டில் முன்னால் அடிப்பாகத்தில் என்ன இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். நீளவாட்டு வரம்பு, தண்ணீர் வடியும் துளை, உடைந்து பேட்ச் போட்ட மேடு எது இருந்தாலும் அங்கிருந்து குமிழி கிளம்பும். சந்தேகம் இருந்தால் ஒருவர் வழக்கமான வேகத்தில் ஓட்டட்டும், இன்னொருவர் பின்பலகையை விட்டு நீர் பிரியும் இடத்தைப் பார்க்கட்டும். வெள்ளையாக நுரைக்கும் இடம் வேண்டாம். கண்ணாடி போல வழுக்கி வரும் இடத்துக்கு நேரே டேப் ஒட்டிவிடுங்கள். பார்ப்பவர் நன்றாகப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும், கையை வெளியே நீட்டக் கூடாது.

துளை போடுவதற்கு முன்

பின்பலகைக்குள் பல படகுகளில் மரமோ பிளைவுட்டோ வைத்து மேலே ஃபைபர் போட்டிருப்பார்கள். திருகுத் துளை வழியாக நீர் இறங்கினால் அந்த மரம் இற்றுப்போகும். என்ஜினைத் தாங்குவதே அதுதான் என்பதால் ஒவ்வொரு துளைக்கும் யோசிக்க வேண்டும். என் விருப்பம், முதலில் 12 மி.மீ. கனத்தில் ஒரு ஹெச்டிபிஇ (கெட்டிப் பிளாஸ்டிக்) பலகையைப் பொருத்திவிடுவது. அதற்கான திருகுகளை முடிந்தவரை நீர்மட்டத்துக்கு மேலே போடுங்கள். பிறகு ட்ரான்ஸ்டியூசரைத் தாங்கும் பிராக்கெட்டை எத்தனை முறை மாற்றினாலும் துளை அந்தப் பலகையில்தான் விழும். ஹெச்டிபிஇயில் பசை சரியாக ஒட்டாது. பிடிப்பு திருகால்தான், சீலன்ட் துளையை அடைக்க மட்டும்.

துளையிடும் இடத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டி, துளையின் வாயைச் சற்று அகலமாக்குங்கள். இல்லையென்றால் திருகு இறங்கும்போது மேல்பூச்சு நட்சத்திரம் போல வெடிக்கும். திருகுகள் 316 தரத்து ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். சீலன்ட் என்றால் பாலியூரிதேன்தான். நான் சிகாஃப்ளெக்ஸ் 291 வைத்திருக்கிறேன். 3எம் 5200 பிடித்தால் விடாது, பின்னால் கழற்ற வேண்டியதற்கு அது வேண்டாம். சிலிக்கான் தொடவே தொடாதீர்கள். நீருக்கடியில் நாளடைவில் உரிந்து வரும், அது பட்ட இடத்தில் அப்புறம் பெயின்ட்கூட ஒட்டாது.

உயரமும் சாய்வும்

எனக்கு அதிக நேரம் எடுத்த இடம் இதுதான், அதனால் நிதானமாகச் சொல்கிறேன்.

ஒரு நேரான மரச்சட்டத்தைப் படகின் அடியோடு ஒட்டிப் பின்பக்கம் நீட்டிப் பிடியுங்கள். ஃபைபர் படகில் ட்ரான்ஸ்டியூசரின் முகம் அந்தக் கோட்டுக்கு 3 மி.மீ. கீழே இருந்தால் போதும். அலுமினியப் படகென்றால் 10 மி.மீ. தேவையில்லாமல் அதற்கு மேல் இறக்கினால் பின்னால் நீர் பீய்ச்சியடிக்கும், இழுவையும் கூடும்.

படகின் அடி இங்கிலீஷ் 'வி' வடிவத்தில் சரிந்திருந்தாலும் ட்ரான்ஸ்டியூசர் அந்தச் சரிவைப் பின்பற்றக் கூடாது. பின்னாலிருந்து பார்த்தால் முகம் நேர் கீழே பார்க்க வேண்டும்.

பக்கத்திலிருந்து பார்க்கும்போது முன்விளிம்பு பின்விளிம்பைவிடத் துளிகூடத் தாழ்ந்திருக்கக் கூடாது. தாழ்ந்தால் முகத்துக்கு அடியில் நீர் விலகி, அங்கேயே குமிழி பிறக்கும். சமமாகவோ, பின்விளிம்பு ஒரு நூல் தாழ்ந்தோ இருக்கட்டும்; நீர் முகத்தை அழுத்திக்கொண்டு ஓடும்.

சோதனை ஓட்டத்தில் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். எண் விட்டுப்போனால் முதலில் சாய்வை மட்டும் மாற்றிப் பாருங்கள். அதிலும் சரிவரவில்லை என்றால் 3 மி.மீ. இறக்குங்கள். இரண்டையும் ஒன்றாக மாற்றினால் எது குணப்படுத்தியது என்று தெரியாது. சரியான இடம் கிடைத்ததும் எல்லாத் திருகையும் இறுக்கி, பிராக்கெட்டின் நிலையை மார்க்கரால் கோடு போட்டு வையுங்கள்.

கேபிளை வெட்டிச் சுருக்க வேண்டாம், மீதியைச் சுருட்டிக் கட்டிவிடுங்கள். என்ஜின் வயரோடும் விஹெச்எஃப் ரேடியோ வயரோடும் சேர்த்து ஓட்டினால் திரையில் புள்ளி புள்ளியாக இரைச்சல் வரும்.

செட்டிங்

மெனுவில் உப்புநீர் என்று தேர்ந்தெடுங்கள். நன்னீரில் விட்டால் ஏறத்தாழ 3 சதவீதம் பிசகும். 10 மீட்டரில் அது 30 செ.மீ. பாக் நீரிணைப் பக்கம் ஆழம் பெரும்பாலும் 15 மீட்டருக்குள் என்பதால் ஒலியின் அதிர்வெண் 200 கிலோ ஹெர்ட்ஸ் போதும். ஆழ்கடலுக்குப் போகிறவர்களுக்குத்தான் 50 அல்லது 83.

அடுத்தது கீல் ஆஃப்செட், அதாவது ஆழத்தை எங்கிருந்து கணக்கிட வேண்டும் என்பதற்கான எண். ட்ரான்ஸ்டியூசர் நீர்மட்டத்துக்கு 25 செ.மீ. கீழே இருந்தால் +0.25 கொடுங்கள், நீர்மட்டத்திலிருந்து மொத்த ஆழம் காட்டும். காற்றாடியின் அடிநுனி ட்ரான்ஸ்டியூசருக்கு 40 செ.மீ. கீழே இருந்தால் −0.40 கொடுங்கள்; காற்றாடிக்குக் கீழே எவ்வளவு நீர் என்று காட்டும். பார் (கடலடிப் பாறைத்திட்டு) உள்ள பக்கம் ஓட்டுகிறவர்களுக்கு நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். எதை வைத்திருக்கிறீர்கள் என்பதைப் படகில் ஏறும் எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள். பிறகு ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கி ஒருமுறை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

பின்னர் சேர்த்தது

ஆழம் அப்படியே இரண்டு மடங்காகக் காட்டுகிறது என்று கேட்டிருந்தார்கள். குறைந்த ஆழத்தில், கெட்டித் தரையில் ஒலி இரண்டு முறை போய்வந்து அந்த இரண்டாவது எதிரொலியைக் கருவி பிடித்துக்கொள்ளும். கெயினை (எதிரொலியைப் பெருக்கும் அளவை) குறையுங்கள்.

மணலில் ஏற்றும் படகில் பின்பலகையில் மாட்டினால் முதல் இழுப்பிலேயே உடையும். உள்ளிருந்தே ஒலியை அனுப்பும் வகையை அடித்தளத்தில் எப்பாக்ஸியால் ஒட்டலாம், ஆனால் அந்த இடத்தில் வெறும் ஃபைபர் மட்டுமே இருக்க வேண்டும். மிதப்புக்காக பஃப் நுரை நிரப்பியிருந்தாலோ மரம் இருந்தாலோ ஒலி கடக்காது. ஒட்டுவதற்கு முன் பாலித்தீன் பையில் நீர் நிரப்பி, ட்ரான்ஸ்டியூசரை அதற்குள் வைத்து, அந்த இடத்தையும் நனைத்து அழுத்திப் பாருங்கள். வெளியே நீரில் பிடித்தால் வரும் எண்ணும் இதுவும் ஒத்துப்போனால் ஒட்டலாம். ஒத்துப்போகவில்லை என்றால் பக்கவாட்டில் கம்பியில் கட்டி, கரை நெருங்கும்போது தூக்கிவிடும் அமைப்புதான் சரி.

கொட்டலசு (ஒட்டிக்கொண்டு வளரும் ஓட்டுடைய சிறு கடலுயிர்) படிந்தாலும் எண் தடுமாறும். கத்தியால் சுரண்டாமல் பிளாஸ்டிக் அட்டையால் தள்ளி, சோப்புநீரில் துடையுங்கள். முகத்தில் பூச வேண்டுமானால் நீர் கலந்த ஆன்டிஃபவுலிங் (கடலுயிர்கள் ஒட்டாமல் தடுக்கும் பூச்சு) மட்டும் மெல்லியதாகப் பூசுங்கள். சால்வென்ட் கலந்தது பிளாஸ்டிக்கைக் கெடுத்துவிடும்.