இடுப்பெலும்பு ஒடிந்த பெரியவர்கள்: ரத்த இழப்பைத் துணைக்கு இருப்பவர் கவனிப்பது எப்படி

ஆச்சி தார்சாவில் வழுக்கி விழுந்த நிமிடமே ரத்தம் கசியத் தொடங்கிவிடும். தொடையெலும்பின் கழுத்தில், அதாவது இடுப்பு மூட்டை ஒட்டிய பகுதியில் முறிந்தால் மூட்டு உறை அதை ஓரளவு தடுக்கும். அதற்குக் கீழே முறிந்தால் தடுப்பு கிடையாது. அரை லிட்டருக்கு மேல்கூடத் தொடைச் சதைக்குள் தேங்கலாம், வெளியே ஒரு சொட்டுத் தெரியாது. அதனால் எண்ணெய் போட்டு நீவுவதும், நாட்டுக்கட்டு போட்டு இரண்டு நாள் பார்ப்பதும் வேண்டாம். அம்பையோ வள்ளியூரோ, எந்த ஊரானாலும் 108-ஐ அழையுங்கள். 36 முதல் 48 மணி நேரத்துக்குள் ஆபரேஷன் முடிவது நல்லது.

தினமும் சாப்பிடும் மாத்திரைகளை அட்டையோடு கொண்டுபோங்கள். ஆஸ்பிரினுக்காக ஆபரேஷனைத் தள்ள வேண்டியதில்லை. ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் வார்ஃபரின், அசித்ரோம் என்றால் வைட்டமின் கே கொடுத்து, ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் அளவு) இறங்கியதும் செய்வார்கள். நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள்.

முதல் நாள் ஹீமோகுளோபின் 12 என்று வந்தால் நம்பி உட்காராதீர்கள். தண்ணீர் குடிக்காமல் கிடந்த உடம்பில் ரத்தம் கெட்டியாக இருக்கும். இரண்டு பாட்டில் குளுக்கோஸோ சலைனோ ஏறியதும் அதே ஆளுக்கு 10 காட்டும். லேப் தப்பு இல்லை, அதுதான் உண்மைக் கணக்கு. ஆபரேஷனுக்கு முன் மறுபடி பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

கத்தி வைப்பதற்கு முன் ரத்தப்போக்கைக் குறைக்கும் டிரானெக்சாமிக் அமிலம், பெரும்பாலும் 1 கிராம், நரம்பில் மெதுவாக ஏற்றுவார்கள். வலிப்பு, சிறுநீரகக் கோளாறு, காலில் ரத்தம் கட்டிய பழைய கதை இருந்தால் மயக்க மருந்து டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

“ஆபரேஷன்ல ரத்தமே போகலைன்னு சொன்னாவளே, பெறவு எதுக்கு ரத்தம் ஏத்துதாவ?” வார்டில் அடிக்கடி கேட்கிற கேள்வி. தொடைக்குள் வைக்கும் கம்பிக்காக எலும்பின் நடுக்குழியைக் குடைவதால், தைத்த பிறகும் உள்ளே கசியும். ஆபரேஷனுக்குப் பிறகு முதல் நாளும் மூன்றாம் நாளும் ஹீமோகுளோபின் பாருங்கள். தொடை இறுகி வீங்குவது, உட்கார வைத்தால் தலைசுற்றுவது, நாடி 100-க்கு மேல் ஓடுவது, மூத்திரக் குழாயில் மாட்டிய பை நிறையாமலே கிடப்பது, திடீரென்று பிதற்றுவது: எதுவானாலும் நர்ஸைக் கூப்பிடுங்கள். பிதற்றலை வயசுக் கோளாறு என்று விட்டுவிடுவதுதான் இங்கே அதிகம்.

பொதுவாக ஹீமோகுளோபின் 8-க்குக் கீழே போனால் ரத்தம் ஏற்றுவார்கள். நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ இருந்தால் அதற்கு முன்பேகூட. ஒரு யூனிட்டுக்கு ஏறக்குறைய 1 கிராம் ஏறும். முதல் 15 நிமிடம் பக்கத்திலேயே இருங்கள். குளிர் நடுக்கம், தடிப்பு, முதுகுவலி வந்தால் உடனே சொல்லுங்கள். பலவீன இதயத்துக்கு வேகமாக ஏற்றினால் நுரையீரலில் நீர் கோக்கும், ஆகவே ‘சீக்கிரம் ஏத்துங்க’ என்று அவசரப்படுத்தாதீர்கள்.

அதே நாட்களில் ரத்தம் உறையாமலிருக்க வயிற்றில் ஊசியும் போடுவார்கள். ரத்தம் போகிற நேரத்தில் இது எதற்கென்று தடுக்க வேண்டாம். கால் நரம்பில் கட்டும் ரத்தம் நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து.